சோளத்தட்டும் சாறு பிழியும் மிஷினும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒற்று எங்கே போடுவது என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். ஞாபகமும் முன்னே பின்னே போகிறது. போன வாரம், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷத்தைப் பற்றி எழுதும்போது எங்களிடம் அப்போது இருந்த மாடு கறுப்பு என்று எழுதிவிட்டேன். அது செவலை. மருமகள் வசந்தா பத்திரிகையைப் படித்துவிட்டு, "அத்தை, மாட்டுக்கே தெரியாம பெயின்ட் அடிச்சிட்டியே" என்றாள். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமும் இப்படி ஏதாவது இருக்கும்.

படப்பைக் கடையில்

ஆவணி மாசத்தில் ஒரு நாள். படப்பையில் விவசாய மிஷின் விற்கிற கடை. புது பெயின்ட் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து அடித்தது. முன்னால் வசந்தா நின்றாள், அவள் முதுகுக்குப் பின்னால் நான். வெளியே போனால் நான் நிற்கிற இடம் அதுதான். அந்நிய ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது.

மாட்டுத் தீவனச் சோளம் அறுக்கிற மிஷின் வேண்டும் என்றாள் வசந்தா. கடைக்காரர் வாசலில் நின்ற ஒரு பெரிய மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு, எத்தனை ஏக்கர் என்று கேட்டார். எண்பது சென்ட் என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டு எங்களைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

பின்பக்கம் எங்கள் அளவுக்கு இரண்டு இருந்தன. ஒன்று பிரஷ் கட்டர். நீளக் குழாய், முனையில் சுற்றுகிற பிளேடு. தோளில் மாட்டிக்கொண்டு இடமும் வலமுமாக வீச வேண்டும். இன்னொன்று ரீப்பர். முன்னால் பல் பல்லாகக் கத்தி வரிசை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். வெட்டியதை ஒரே பக்கமாகப் படுக்க வைத்துக்கொண்டே போகும் என்றார்.

வெட்டுவது இருக்கட்டும், தண்டு காயமாட்டேன் என்கிறதே, அதற்கு ஏதாவது உண்டா என்று வசந்தா கேட்டாள். அவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். ஏதோ வெளிநாடு. ஒரு வண்டி புல்லை வெட்டிக்கொண்டே போகிறது. வெட்டின புல் இரண்டு உருளைகளுக்கு நடுவே புகுந்து நசுங்கி, பின்னால் மெத்தை மாதிரி விழுகிறது. தண்டு நசுங்கிவிட்டால் இலையும் தண்டும் ஒரே சமயத்தில் காயுமாம். அதற்குக் கண்டிஷனர் என்று பேராம்.

"இது நம்மூருக்கு செட் ஆவாது ஆயா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்கவேயில்லை. ஆனால் சரியாகத்தான் சொன்னார். அந்த வண்டியை எங்கள் நிலத்தில் திருப்ப வேண்டுமென்றால் பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் கேட்டைத் திறந்துவிடச் சொல்ல வேண்டும்.

அந்த உருளைகளை மட்டும் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. எங்கே என்று வரவில்லை. வந்திருந்தாலும் அங்கே வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

மூன்று மணி வெயில்

எங்கள் நிலம் சேரப்பணஞ்சேரிப் பக்கம். மேற்கே ஒரு கம்பெனியின் சுவர், சுவருக்குப் பின்னால் மலை மாதிரி தகரக் கட்டடம். தெற்கே கன்டெய்னர் லாரிகள் வந்து நிற்கிற கிடங்கு. மூன்று மணிக்கு மேல் எங்கள் வெயில் கம்பெனிக்குப் போய்விடும். காற்றைக் கிடங்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் தீவனம் காயவைக்கிறோம்.

அக்கம்பக்கத்தில் நெல் போடுவது நின்றுபோயிற்று. வைக்கோல் எங்கிருந்தோ லாரியில் வருகிறது. மழைக்காலத்தில் அதுவும் வராது. அதனால் ஐந்து மாட்டுக்கும் நாங்களே தீவனச் சோளம் போட்டு, அறுத்து, காயவைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் சோளத்தட்டைப் போர் போட்டுவிட வேண்டும்.

போன வருஷமும் போட்டோம். இலை கலகலவென்று காய்ந்து, கை பட்டாலே உதிர்ந்தது. தண்டுக்குள் ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. காய்ந்துவிட்டது என்று நம்பி அடுக்கினோம். கார்த்திகையில் போரைப் பிரித்தால் உள்ளே சூடு, சாம்பல் தூவின மாதிரி பூஞ்சை. அதைத் தின்ற எங்கள் பசு லட்சுமிக்கு வயிறு உப்பியது. வயிற்றில் இருந்த ஏழு மாசக் கன்றைக் கலைத்து வீசிவிட்டது.

என் மகன் குமார் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலையில் இருக்கிறான். அதிகம் பேசமாட்டான். பேசினால் முடிவாகத்தான் பேசுவான். இந்த வருஷமும் தட்டு கெட்டால் மாடுகளை விற்றுவிடலாம், வசந்தா பழையபடி கம்பெனி லைனுக்குப் போகட்டும் என்றான்.

வசந்தா முன்பு செல்போன் செய்கிற கம்பெனியில் இருந்தாள். அங்கே அவளுக்கு ஒரு ஸ்குரூ கொடுத்திருந்தார்கள். எட்டு மணி நேரமும் அதே ஸ்குரூ. அதை விட்டுவிட்டு வந்துதான் மாடு வாங்கினாள். இப்போது அந்தப் பழைய சூப்பர்வைசர் மேடமே போன் செய்து, புது லைன் போடுகிறோம், அடுத்த மாசக் கடைசிக்குள் வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்.

அவள் போய்விட்டால் பகலில் எனக்குப் பேச ஆள் இல்லை. மாடுகளும் இருக்காது. இதை நான் குமாரிடம் சொல்லவில்லை. வசந்தாவிடமும் சொல்லவில்லை.

பேச்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் நானும் என் மாமியாரும் பேசிக்கொண்டதே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. எனக்குக் கூச்சம், அவளுக்கும் கூச்சம். மிளகாய் அரைக்கிற சத்தத்தை வைத்து இன்றைக்குக் காரக்குழம்பு என்று தெரிந்துகொள்வேன். வருஷம் முடிந்து ஒரு நாள் அவள் முதல் வார்த்தையாக, "உனக்குப் பேசவருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். அத்தோடு இன்னும் ஆறு மாசம் போயிற்று. வசந்தா வந்த முதல் நாளே என்னிடம் சீப்பு கேட்டாள். அந்த வித்தியாசத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கொடிமரத்தைச் சுற்றி

குமார் எதையும் கம்பெனி முறையில் செய்வான். ஒரு தாளில் கட்டம் போட்டான். எடைக்கு மார்க், பெட்ரோலுக்கு மார்க், ஸ்பேர் கிடைக்கிறதற்கு மார்க், சேஃப்டிக்கு மார்க். அதன் பிறகு டிரையல் பார்க்க வேண்டும் என்றான். டிரையல் பார்க்காமல் அவர்கள் கம்பெனியில் ஒரு நட்டுகூட வாங்கமாட்டார்களாம்.

டிரையலை அவர்கள் கம்பெனிப் புல்வெளியில் வைத்தான். அங்கே தோட்ட வேலை காண்ட்ராக்ட் எடுத்தவர் அவனுக்குப் பழக்கம். கடைக்காரர் இரண்டு மிஷினையும் வண்டியில் ஏற்றிவந்தார். எங்களை உள்ளே விடவில்லை, காலில் சேஃப்டி ஷூ இல்லை என்று. கம்பி வேலிக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தோம்.

கொடிமரத்தைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்குப் புல். பிரஷ் கட்டர் அதைத் தலைமுடி வெட்டுகிற மாதிரி நைசாக வெட்டியது. ரீப்பருக்கு அந்தக் குட்டைப் புல் பிடிபடவேயில்லை. சும்மா நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தது. குமார் தாளில் எழுதிக்கொண்டான்.

எங்கள் சோளம் என் தலைக்கு மேல் இரண்டு முழம் நிற்கிறது. இது எனக்கு அப்போதே தெரியும்.

"இன்னா அத்தை, ஒண்ணும் சொல்லமாட்டேன்ற?" என்றாள் வசந்தா.

"நல்லாத்தான் கீது" என்றேன்.

பிரஷ் கட்டர் வீட்டுக்கு வந்தது. குமார் கண்ணாடி, ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினான். வெட்டினது நாலு திசையிலும் விழுந்தது. பாதி அவன் மேலேயே விழுந்தது. மூன்றாவது வரிசையில் ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மார்க்கைத் திருத்தினான்.

பத்து நாளைக்குள் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சொன்னபடி மாற்றிக் கொடுத்தார். ரீப்பரை வசந்தாவே ஓட்டினாள். எண்பது சென்டில் பாதியில் பச்சைப்புல், மீதியில் சோளத்தை இருபது இருபது சென்டாக இரண்டு துண்டில் போட்டிருந்தோம். முதல் துண்டு காலை பத்து மணிக்குள் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்துவிட்டது. குமார் வந்து பார்த்தான். அதற்கு மார்க் ஒன்றும் போடவில்லை.

சரோஜாவின் மிஷின்

வெட்டியாகிவிட்டது. இனி தண்டு இருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் பால் கறந்துகொண்டிருக்கும்போது அந்த உருளைகளை எங்கே பார்த்தேன் என்பது ஞாபகம் வந்தது. நான் ஒரு மாட்டில், வசந்தா பக்கத்து மாட்டில். மாட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "சரோஜா மிஷினு சும்மாத்தான கீது" என்றேன்.

"எந்த மிஷினு?"

"கரும்பு."

வசந்தா கறப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, அந்தக் கடையில போன்ல பார்த்தியே, அப்போலேர்ந்து இதைத்தான் யோசிச்சிகினு இருந்தியா?" என்றாள். ஆமாம் என்றால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாள். அதனால் அடுத்த காம்பைப் பிடித்தேன்.

சரோஜா எங்கள் தெருவில் இருக்கிறவள். ஒரகடம் கூட்டுரோட்டில் கரும்புச் சாறு வண்டி வைத்திருந்தாள். ரோட்டை அகலப்படுத்தியபோது வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு இட்லிக் கடை போட்டுவிட்டாள். மிஷின் அவள் வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கேட்டதும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவளே கூட வந்தாள்.

"யக்கா, இது கரும்பைத் தவிர வேற எதையும் பார்த்ததில்ல. பல்லு கில்லு ஒடைஞ்சா புது மிஷினு வாங்கித் தரணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே கோணிப்பையை மடித்துப் போட்டு உட்கார்ந்து தட்டை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

ரோட்டோரமாக மிஷினை நிறுத்தினோம். சின்ன இன்ஜின், பெல்ட், பெரிய சக்கரம். சக்கரத்தில் பழைய சலங்கை அப்படியே இருந்தது. அது ஜல் ஜல் என்று கேட்டதும் ரோட்டில் போகிறவர்கள் நின்றார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கின பெண்களில் ஒருத்தி வசந்தாவோடு லைனில் நின்றவள்.

"இன்னாடி, ஜூஸ் கடை போட்டுட்டியா? எனக்கு இஞ்சி போட்டு ஒண்ணு குடு."

"மாடு குடிச்சி மீதி இருந்தா தரேன், நில்லு" என்றாள் வசந்தா.

எறும்பு

மிஷினின் தலையில் இரண்டு திருகு உண்டு. அதை இறுக்கினால் உருளைகள் நெருங்கும், தளர்த்தினால் விலகும். குமார் ஷிஃப்ட் முடிந்து வந்து இரண்டையும் கடைசி வரை இறுக்கினான். போதாது என்று ஒவ்வொரு கட்டையும் இரண்டு தடவை விட்டான். தட்டு காகிதம் மாதிரி வெளியே வந்தது. கீழே வாளியில் பச்சையாகச் சாறு நிறைந்தது. ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்றாவது.

"பார்த்தியாம்மா, தண்ணி இங்கியே வெளிய வந்துட்ச்சி. வெயிலே வேணாம்" என்றான்.

நான் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். தித்தித்தது. கடைக்காரர் காட்டிய படத்தில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்பது ஞாபகம் வந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். குமார் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்துப் பல மாசமாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தட்டு ஒரே நாளில் காய்ந்ததென்னவோ உண்மை. மறுநாள் காலையில் கம்பெனிச் சுவரிலிருந்து எங்கள் நிலம் வரைக்கும் எறும்பு வரிசை. சாயங்காலம் ஈ. அடுத்த நாள் தட்டில் ஒட்டியிருந்த சாறு புளித்து, பக்கத்தில் போனால் கள் வாசனை. லட்சுமி முன்னால் ஒரு கை போட்டேன். மோந்து பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய், வாளி வைத்திருந்த இடத்தில் மண்ணை நக்கியது. தட்டில் இருந்த சத்தெல்லாம் வாளிக்குப் போய்விட்டது. வாளியில் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றிவிட்டோம்.

இருபது சென்ட் சோளம் எருக்குழிக்குப் போனது. அள்ளிப் போட்டதும் வசந்தாதான்.

குமார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "மேடத்துக்குப் போன் போட்டு வரேன்னு சொல்லிடு" என்றான். மாசக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது. மீதி இருபது சென்டையும் அறுத்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் குரல் எப்போதும்போல் இருந்தது. துடைப்பத்தை மட்டும் வழக்கமான இடத்தில் வைக்காமல் எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

திருகு

அடுத்த நாள் இரண்டாவது துண்டை அறுத்தோம். கிழக்கே மேகம் நின்றது. சரோஜா இட்லிக் கடையை மூடிவிட்டு வந்தாள். குமார் வந்து, இந்தத் தடவை இரண்டு முறை வேண்டாம், ஒரே முறை விடுவோம் என்று சொல்லிவிட்டு, உருளை இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்பேனரைத் திருகில் வைத்தான்.

"டேய் குமாரு, அதை வுடு" என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜா, "யக்கா, நீயா பேசினது?" என்றாள்.

"நீ புழியற. புழியக் கூடாது. தண்டு ஒடைஞ்சா போதும். சாறு உள்ளயே இருக்கணும், அது மாட்டுக்கு. வெறும் தண்ணிதான் வெயிலுக்கு. அந்தப் போன்ல வந்த வண்டி ஒரு சொட்டு ஒழுகல. நான் பார்த்தேன். அன்னிக்குப் புல்வெளியிலயும் பார்த்தேன், சொல்லல. வாளி ரொம்பறப்பவும் பார்த்தேன், சொல்லல."

இவ்வளவு நீளமாக நான் பேசி எனக்கே பழக்கமில்லை. யாராவது திட்டுவார்கள் என்று நின்றேன்.

குமார் ஸ்பேனரை எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் திருப்பித் தளர்த்தினான். "எவ்ளோ கேப் வேணும்?" என்று கேட்டான். அவன் பையில் கம்பெனியில் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் இருந்தன, விசிறி மாதிரி விரியும். அதை எடுத்துக்கொண்டு எண்ணைச் சொல் என்று நின்றான்.

எனக்கு எண் தெரியாது. உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்தேன். குச்சியை ஒன்றின் மேல் ஒன்றாக உருளைகளுக்கு நடுவே வைத்துத் திருகைத் திருப்பச் சொன்னேன். பிறகு குச்சிகளை எடுத்துவிட்டு ஒரு தட்டை விட்டோம். படக் படக் என்று கணுக்கள் உடைகிற சத்தம். வெளியே வந்தபோது நீளவாக்கில் கீறியிருந்தது, தட்டையாகவில்லை. உருளைக்கடியில் கையை வைத்துப் பார்த்தேன். பிசுபிசுப்பு இருந்தது, சொட்டவில்லை.

"இவ்ளோதான்" என்றேன். குமார் தகடு வைத்து அளந்து போனில் எழுதிக்கொண்டான்.

அன்றைக்கும் மறுநாளும் சலங்கை கேட்டது. மூன்று மணிக்கு வெயில் போனதும் தார்ப்பாய் போட்டு மூடினோம், காலையில் எடுத்தோம். நாலாவது நாள் மத்தியானம் ஒரு தண்டை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தோல் உரியவில்லை. முறுக்கினால் முறிந்தது. இலையும் தண்டிலேயே நின்றது. அன்றைக்கே போர் போட்டோம். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை.

மழை விட்ட காலையில் வசந்தா போருக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, ஜில்லுனு கீது" என்றாள்.

ஒரு கட்டு உருவி லட்சுமிக்குப் போட்டோம். இலையைத் தின்றது. தண்டையும் தின்றது. இன்னும் வருமா என்று பார்த்தது. பாதித் தீவனம்தான் தேறியது. பச்சையோடு கலந்து போட்டு மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு குமார் ரீப்பர் கத்திக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். விற்பது பற்றி ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்குத்தான் மாசக் கடைசி. வசந்தா போரின் பக்கத்தில் நின்றபடியே போன் செய்தாள்.

"மேடம், நான் வரல. இல்ல மேடம், சம்பளத்துக்காக இல்ல. இங்க ஆள் பத்தல."

நான் சாணி அள்ளுகிற மாதிரி அங்கேயே நின்றேன். அள்ள ஒன்றும் இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். தினமும் அதே குழம்புதான் என்றாள். தெரியும் என்றேன்.

இதைப் பத்திரிகையில் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருளைக்கு நடுவே வைத்தது இரண்டு தீக்குச்சியா மூன்றா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. குமார் எழுதிவைத்த போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. வசந்தா இரண்டு என்கிறாள், சரோஜா மூன்று என்று அடித்துச் சொல்கிறாள். தீவனம் தெரிந்த மாட்டு டாக்டர் யாரையாவது கேட்டுச் சரியானதைப் போடுங்கள். நான் தப்பாக எழுதி, அதைப் படித்துவிட்டு எங்கேயாவது யாராவது திருகை இறுக்கிவிடப் போகிறார்கள்.